இடப்பக்க இருக்கை

கோண்டாவிலில இருந்து வந்த பெடியன்
சாவியை வாங்கினான்.
முதன்முதலா நான்
என்ரை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில்
இடப்பக்கம் ஏறினன்.

குறையெல்லாம் சொல்லிப்போட்டன்:
மழைக்கு டிஸ்ரிபியூட்டர் மூடியைத் துடை.
சோக்கை அரைவாசிதான் இழு.
இரண்டாம் கியர் சண்டித்தனம் பண்ணும்,
நியூட்ரலில் ஒருக்கா நிண்டு போ.
தண்ணிப் போத்தல் டிக்கியில்.

பண்ணைப் பாலத்தில் அவன் காலை அழுத்த
ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடிச்சுது சனியன்,
இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு மாதிரி.

மண்டைதீவுச் சந்தி கிட்டேக்கை
முழங்காலுக்குக் கீழே
சூடு அடிச்சுது.

பதினெட்டு வருசம்
"இந்தப் பக்கம் கால் வேகுது" எண்டு
தவமலர் சொல்லச் சொல்ல
"வெயிலப்பா, வெயில்" எண்ட நான்
குனிஞ்சு பார்த்தன்.
தகட்டில்
ஐஞ்சு ரூபாய்க் குத்தியளவு ஓட்டை.

"வேறை ஏதும் குறை இருக்கோ அண்ணை?"

இரண்டு பக்கமும் கடல்
பேசாமல் கிடந்தது.
"திருப்பு தம்பி" எண்டன்.

"என்ன விலைக்குக் கேக்கிறான்?"
படலையடியில் அவள்.
நான் பழைய ரியூப் ஒண்டை எடுத்துவைச்சுக்கொண்டு
கத்தரிக்கோல் எங்கை எண்டு கேட்டன்.