கேள்வி எண் பதினாலு

ஐம்பது வருஷம் கழித்து இந்த ஊர் இருக்குமா?
ஆம். இல்லை. தெரியாது.

தலைஞாயிறு, வடிகால் மதகடியில்
டேப்லெட்டை நீட்டினேன்.
அஞ்சுகம் கையில் நாற்றுச்சேறு;
தொடவில்லை.

கடல் எவ்வளவு தூரம்?
"ரோட்டு வழியாவா,
ஆத்து வழியா அது ஏறி வர்றதையா?"

உத்திராபதி சிரித்தார்:
போர் தண்ணியில் உலை வைத்தால்
உப்பு போட வேண்டாமாம்.

கஜாவில் சாய்ந்த தென்னைக்குக் கணக்கு சொன்னார்கள்.
இரண்டாவது நடவும் அழுகியதை
யாரும் சொல்லவில்லை,
நாற்றம் சொன்னது.

கிளம்பும்போது அஞ்சுகம்:
"வீட்டுக் கடனுக்கு இருபது வருஷம் தவணை
போட்டிருக்கானே பேங்க்காரன்,
அவனுக்குத் தெரியாமயா இருக்கும்?"

பதினாலைக் காலியாக விட்டேன்;
படிவம் நகரவில்லை.
திருத்துறைப்பூண்டி பஸ்ஸில், ஜன்னலோரம்,
அவளுக்காக "ஆம்" தொட்டேன்.

பதினைந்து வந்தது:
காரணம் கூறுக.