நாற்பத்திரண்டு அடி

நாற்பத்திரண்டு அடி தோண்டிய பிறகுதான்
உப்பில்லாத நீர் வந்தது.
அதற்கு முன் தோண்டிய மூன்றும் கரித்தன;
மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

கர்த்தரே, நான் அகநேத்தா.
ருஷ்யாவில் எங்கள் ஜெபத்தையும் கேட்டார்கள்,
துப்பாக்கிக்குக் கைகளையும் கேட்டார்கள்.
இரண்டையும் எடுத்துக்கொண்டு கப்பலேறினோம்.
ஒரு சுவர்க்கடிகாரம், பாட்டுப் புத்தகம்,
இந்த மண்ணில் முளைக்கவே முளைக்காத கோதுமை விதை.
சாக்கோவின் முட்காடு;
யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று நினைத்தோம்.
இரண்டு வருடம்.
பிறகு அந்த முள்ளுக்கும்
இரண்டு தேசங்கள் பட்டா நீட்டின.

முதலில் பராகுவே பையன்கள் வந்தார்கள், வெறுங்காலோடு.
குவாரானி மொழியில் தண்ணீருக்கு
ஒற்றை உயிரெழுத்துதான்.
நாக்கு ஒட்டிப்போனவனும்
சொல்லிவிடக்கூடிய சொல்.
அதை எந்தக் கருணை கண்டுபிடித்ததோ.

மூன்றாம் நாள் அவர்களே
பொலிவியக் கைதிகளை ஓட்டி வந்தார்கள்.
பனி உருகக் குடித்து வளர்ந்த மலைநாட்டுக்காரர்கள்.
இந்த வெயிலை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.
யாக்கு, யாக்கு என்றான் ஒருவன்,
கிணற்றைப் பார்த்து அல்ல,
என் ஈர முந்தானையைப் பார்த்து.

"முதலில் எங்கள் ஆட்கள்" என்றார்
சார்ஜென்ட் இன்ஸ்ஃப்ரான்.
எனக்கு ஸ்பானிஷ் தெரியாது.
தெரிந்திருந்தாலும்
அன்று தெரிந்திருக்காது.
அருகில் நின்றவன் கையில் வாளியைக் கொடுத்தேன்.
அவன் குடித்தான், பிறகு அவனைக் கட்டியிருந்தவன் குடித்தான்,
அதே விளிம்பில், பல் பட்ட அதே இடத்தில்.
சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றினார்.
கோபமா மரியாதையா, தெரியவில்லை.
கைவிரித்து, கிணற்றையும் என்னையும் காட்டிக் கேட்டார்,
நீ எந்தத் தேசம்?
நான் கயிற்றை மறுபடி இறக்கினேன்.

இதுவரை சொன்னது
சபையில் எழுந்து நின்று சொல்லக்கூடியது.
சொல்லாததும் உண்டு.

கொர்னேலியுஸ் கோட்டைக்கு வண்டி ஓட்டினான்.
தர்பூசணியும் முட்டையும்தான் என்றான்.
திரும்பி வந்த வண்டியை நான் கழுவியபோது
பலகை இடுக்கில் ஒரு தோட்டா, புத்தம் புதிது,
முட்டையைவிடப் பளபளப்பாக.
"அவர்கள் ஏற்றினார்கள், நான் மாடுகளைத்தான் ஓட்டினேன்."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அந்தப் பணத்தில் ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கினோம்.
இப்போது ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம்
அதன் வழியாகத்தான் உம் வேதத்தின் மேல் விழுகிறது,
பகைவனைப் பற்றி நீர் மலைமேல் சொன்ன பக்கத்தில்.
மூப்பர் சமாதானத்துக்காக ஜெபிக்கிறார்.
தர்பூசணி என்ன விலைக்குப் போனது என்று
ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.

யாக்கு கேட்டவன் அன்றிரவே இறந்துபோனான்.
தாகத்தால் அல்ல, தாமதத்தால்.
வேர்க்கடலைக் கொல்லையின் ஓரத்தில் புதைத்தோம்.
பெயர் தெரியாததால் பலகையில்
தேதியை மட்டும் கொர்னேலியுஸ் செதுக்கினான்,
நெடுநேரம், தேவைக்கு மேல் ஆழமாக.

இந்த நாட்டை நேசிக்கிறாயா என்று நீர் கேட்டால்
கொடியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.
ஆனால் கிணற்றில் நீர் இறங்கினால்
என் வயிறும் இறங்குகிறது.
வடக்குக் காற்று தூசியை அள்ளிக் கொண்டுவந்து
காயவைத்த துணியில் கொட்டும்போது
வாய்க்கு வந்தபடி ஏசுகிறேன்.
அந்நியரை அப்படி ஏச முடியுமா?

தோட்டா விதைப் பெட்டியில் இருக்கிறது.
எறிய இடம் தெரியவில்லை.
மண்ணெல்லாம் யாருடைய மண்ணோவாக இருக்கிறது.

நாளை எந்தப் பட்டாளம் வரும் என்று
எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.
வாளியைக் கவிழ்த்து வைக்கவில்லை.
மன்னிப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம், கர்த்தரே.
முதலில் ஊற்று.