காந்தனா

நெருப்பெரிச்சலில் பஸ் நின்று
சாயப்பட்டறைச் சந்தைத் தாண்டினால்
எங்கள் கம்பெனி.
மூணாம் மாடியில் தையல்
ரெண்டாவதில் கட்டிங்
கீழே, ஜெனரேட்டர் ரூமுக்கு அடுத்த கதவில்
பதினொரு பிள்ளைகளும் நானும்.

ஆணியில் ஒரு நோட்டு, கயிறு கட்டிய பேனாவோடு.
எட்டரை பத்தரை பன்னிரண்டரை ரெண்டரை நாலரை.
பேருக்கு நேரே டிக் அடித்து
'துளசாமணி' என்று கையெழுத்து.
இரண்டு மணிக்கு ஒருதரம் துணி மாற்றவேண்டுமென்று
சட்டை வாங்கும் தேசத்திலிருந்து
மெயிலில் வந்த உத்தரவு.

பிள்ளைகள் மெயில் படிப்பதில்லை.
தர்ஷிக் டீ மணி அடித்தால் போவான்.
கரண்ட் நின்று ஃபேன் ஓய்ந்தால்
மூன்று பேர் ஒன்றாக.
அமிழ்தினிக்குப் புதுத்துணி கட்டி
முடிச்சு இறுகின பிறகுதான் வரும்.
போய்விட்டு என்னையே பார்ப்பாள்
பாக்கிச் சில்லறை கேட்பதுபோல.

அதனால் நிசக் கணக்கு வேறிடத்தில்.
கட்டிங் மாஸ்டர் கழித்துப் போட்ட
பேட்டர்ன் அட்டை ஒன்றின் முதுகில்:
9.10 ஈரம். 9.25 மறுபடியும்.
11.40 பச்சையாய், நுரையோடு. அம்மாகிட்டச் சொல்லணும்.
அட்டையின் மறுபுறம்
ஒரு குட்டிச்சட்டையின் இடது கை
ஆறு முதல் ஒன்பது மாதம்.

துணியெல்லாம் மேலிருந்து விழும் மிச்சம்தான்.
இண்டர்லாக் நன்றாகக் குடிக்கும்.
சிங்கிள் ஜெர்சி ஒழுகவிட்டுவிடும்.
லைக்ரா கலந்தது தொடையில் கோடு போடும், ஆகாது.
நாலுதரம் அலசினால்தான் சாயம் விடும்.
அலசுவது உப்புத்தண்ணியில்.
ஆற்றுத்தண்ணி எட்டுநாளைக்கு ஒருக்கா வரும்
அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு.

ஆடி முடிந்த ஒரு திங்கட்கிழமை
ஓவர்லாக் பதினாலாம் மிஷின்
ரிங்கி பெஹெரா, ஒடிசாக்காரப் பொண்ணு
லிபுனைக் கொண்டுவந்து பாயில் கிடத்தினாள்.
ஏழு மாசம். மூச்சுக்கட்டி அழுகை.
குனிந்து அவன் காதோடு
"காந்தனா லிபுன், காந்தனா" என்றாள்.
மணி அடித்தது. படியேறி ஓடிவிட்டாள்.

என் காதுக்கு அது
காந்துதா, காந்துதா என்றே விழுந்தது.
அடப்பாவமே எங்க சாமி காந்துது என்று
முடிச்சை அவிழ்த்தால்
மிளகாய் அரைத்த கை பட்டதுபோல்
இடுக்கெல்லாம் கன்றிச் சிவந்து கிடக்கிறது.

நான் குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணியில் கழுவி
ஒற்றி எடுத்து
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு
அப்புறம் ஒன்றும் கட்டாமல்
ஃபேனுக்கடியில் அப்படியே விட்டேன்.
பத்தரைக்கு எல்லாருக்கும் டிக் அடிக்க
நோட்டை இறக்கி மடியில் வைத்தேன்.
கண்ணாளன் வில் வளைத்தான்.
பத்தரைக் கட்டம் மொத்தமும் நீலமாய்க் கரைந்தது.
அந்த நோட்டில்
அன்றைக்கு அது ஒன்றுதான் நிசம்.

பதினொரு மணிக்குப் பால்கொடுக்க வந்தவள்
பிள்ளை வெறுமனே கிடப்பதைப் பார்த்து
முகம் சுண்டிப்போனாள்.
எனக்கு ஒடியா வராது, அவளுக்குத் தமிழ் வராது.
கையைக் காட்டி
"காந்துச்சுங் கண்ணு, காந்துச்சு" என்றேன்.
அவள் சட்டென்று குனிந்து
அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.
அவன் அட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.
இல்லை என்று தலையாட்டினாள் எனக்கு.
நான் ஆமாம் என்று காலைத் தூக்கிக் காட்டினேன்.

நூறுநாள் கழித்து
செக்கிங் பெரோஸா சொல்லித்தான் தெரியும்
அவர்கள் ஊரில் காந்தனா என்றால் அழாதே.
நான் சொன்னது அவளுக்கு
அழுகிறான் என்று கேட்டிருக்கிறது.

ரிங்கி இப்போது லைனில் சேருமுன்
ஒரு சொம்பு ஆற்றுத்தண்ணி வைத்துவிட்டுப் போகிறாள்.
எங்கே பிடிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.
ஹெச்.ஆர். மேடம்
நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டார்.

பன்னிரண்டரை.
பதினொரு டிக் அடித்தாயிற்று.
லிபுன் இன்னும் போகவில்லை.
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.