வெளியே இருந்த நாட்கள்

சமையலறை மேசையில் செருப்புப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
டீசல் ரசீதுகள், எடைமேடைச் சீட்டுகள்,
மை வெளிறிய காப்பிக் கடைத் துண்டுகள்.
ஹப்தோம் லாரி ஓட்டிய ஐந்து வருடம்
மேசை விளிம்புவரை வந்து நின்றது.

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
வின்னிபெக்கில் ஜனவரிக்கு வேறு வேலை இல்லை.

படிவம் அதிகம் கேட்கவில்லை.
போன தேதி, திரும்பிய தேதி, போன நாடு, காரணம்.
ஐந்து வருடத்துக்கு முந்தையது வேண்டாமாம்.
கெரெனிலிருந்து கசலாவுக்கு நடந்த இரவுகளை
யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும் ரசீது கிடையாது.

ஒரு நாளின் ஒரு துளி இங்கே இருந்தால்
அது முழு நாள்.
நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால்
எமர்சன் சாவடியை அவன் முன்சக்கரம் தாண்டினால்
அந்த நாள் கனடாவின் கணக்கில்.
இத்தனை தாராளத்தை
நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஃபார்கோ, இரண்டு நாள், வேலை.
லரேடோ, ஒன்பது நாள், வேலை.
கார்ட்டூம், பத்தொன்பது நாள்.
காரணம் என்ற கட்டத்தில்
அவன் அம்மாவின் பெயரைத் தட்டினேன்,
அழித்தேன், 'குடும்பம்' என்று போட்டேன்.

சிலவற்றுக்குத் துண்டுச்சீட்டே இல்லை.
லுவாமின் முதல் பல் விழுந்த வாரம்,
வீட்டுச் சூடேற்றி நின்றுபோய்
மூவர் போர்வையில் இருவர் மட்டும் படுத்த இரவு.
வீட்டில் என்ன உடைந்தது என்று யோசித்தால்
அவன் எப்போது இல்லை என்று தெரிந்துவிடும்.

கூட்டினேன். ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
வேண்டியது தொண்ணூற்றைந்து.

அப்போதுதான் ஒரு துண்டு விரலில் ஒட்டியது.
மார்ச் பன்னிரண்டு, காலை ஆறு பத்து,
ஒரு காப்பி, ஒரு டோனட்,
லோகன் அவென்யூ, வின்னிபெக்.
என் நாட்காட்டியிலோ
ஒமாஹாவிலிருந்து அவன் வந்தது பதினான்கு.

அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வெகுநேரம் படித்தான்,
அதில் இருந்ததோ நான்கு வரி.
"டிப்போவில்தான் இருந்தேன். லாரிக்குள்.
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு."
"இரண்டு ராத்திரியா?"
"புறப்படும்போது நீ சொன்னாயே, அதனால்."
என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.
அவனுக்கு இருந்தது. சொல்லவில்லை.
டிப்போவிலிருந்து வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர்.

"அந்த வரியை அப்படியே விடேன்,
கொஞ்சம் பொறுத்தால் நாள் தானே சேரும்."
"கையெழுத்து உன்னுடையது.
கீழே என்ன போட்டிருக்கிறது, படி."
படித்தான்: தந்த விவரம் உண்மையானது, முழுமையானது.
'முழுமையான'வரை சரளமாக வந்தான்.

பதினான்கை அழித்துப் பன்னிரண்டு என்று போட்டேன்.
திரை ஒரு நொடி சுழன்று பச்சையானது.
அந்த இரண்டு நாளும் அவன் இங்கேதான் இருந்தான் என்று
அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது.
நான் இன்னும் இல்லை.

பிறகு என் படிவம்.
போன தேதி இல்லை, திரும்பிய தேதி இல்லை.
'எங்கும் போகவில்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக்.
இரண்டே நிமிட வேலை.

ஹப்தோம் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான்.
"ஐந்து வருடத்தில் ஒருநாள்கூடவா?" என்றான்,
குரலில் கிண்டல் இல்லை.

விரல் பொத்தான்மேல் இருந்தது.
அடுப்பில் காப்பி பொங்கி வழியும் சத்தம் கேட்டது.
இருவரும் எழுந்து போகவில்லை.