ஓர் அங்குலம்

ஜெஸீமா மூட்டையைப் பிரித்தாள்.
ஓட்டமாவடிச் சந்தைக்குப் போகுமுன்
பொத்தல் கிழிசல் பார்க்க
வாழைச்சேனையில் என் மெஷினடிக்கு வரும் பழைய உடுப்பு.
குளிர்நாட்டு ஜாக்கெட்டுகள்,
ஆரோ ஓடி முடித்த மரதன் டீசேர்ட்டுகள்,
நடுவில் இது.

"என்ன கா இது, சட்டையா படமா?"

கையும் தோளும் மெல்லிய பூத்துணி.
நெஞ்சில் சிவப்பு. அதன் கீழ் கறுப்பு. அதன் கீழ் மஞ்சள்.
துணிமேல் துணி ஒட்டியது என்றுதான் நினைத்தேன்.
இல்லை.
மேல்துணியை வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து,
கீழ்த்துணியை வெளியே வரவிட்டிருக்கிறாள்.
ஒரு பறவையின் கண்ணுக்காக
இரண்டு துணி தாண்டி இறங்கியிருக்கிறது கத்தரி.

இருபத்தாறு வருசம் தைக்கிறேன்.
உள்ளே கிடப்பதை உள்ளேயே மறைக்கத்தான்
எனக்குக் காசு.

ஜெஸீமாவின் மகன் அஸ்ஜத் போனில் தேடினான்.
பனாமாவாம். தீவுகளாம். குணா என்ற சனமாம்.
பெண்களே தைத்துப் பெண்களே உடுப்பதாம்,
பேர் மோலாவாம்.
"குணாவா? நம்மட கறுவாக்கேணிக் குணாவா?
அவனுக்கு ஊசியில நூல் கோர்க்கவும் தெரியாதே!"
சிரித்து முடியக் கரண்ட் போனது.

வாசல் வெளிச்சத்தில் தையல் எண்ணினேன்.
ஒரு அங்குலத்துக்கு இருபது வரை வந்தது,
அதற்குமேல் கண் கலங்கிற்று.
அழுகையில்லை, வெள்ளெழுத்து.

முன்பக்கம் இரண்டு பறவை, முகம் பார்த்து.
பின்பக்கமும் அதே இரண்டு,
ஆனால் ஒன்று திரும்பி நிற்கிறது.
பிழை என்றேன்.
மறுநாள், பிழையில்லை என்றேன்.
"ரெண்டும் சண்ட பிடிச்சிருக்கும்" என்றாள் ஜெஸீமா.

நானும் வெட்டிப் பார்த்தேன்.
மேலே அபாயா வெட்டிய மிச்சம்,
கீழே ஒரு கலியாணப் பிளவுஸின் மிச்சம்.
படம்: கரண்டில்லாமல் நின்ற மின்விசிறி.
இரண்டாவது இதழில் கத்தரி
கீழ்த்துணியையும் கடித்துவிட்டது.
அதால்தான் இப்போது மெஷின் துடைக்கிறேன்.

முந்நூறு ரூபாய்க்குத் தொங்கவிட்டும் ஆரும் எடுக்கவில்லை.
கடைசியில் வந்தாள் மீன்கடைத் தங்கேஸ்வரி.
இழுத்துப் போட்டாள், கை ஏறவில்லை.
பாரை வெட்டும் கை.
"இளக்கித் தா கா."

கக்கப்பக்கம் பிரித்தேன்.
உள்ளே, இரு புறமும், ஓர் அங்குலம்.
உடம்பு ஊதும் என்று அறிந்தவள்
வெட்டாமல் மடித்து வைத்திருந்தாள்.
கண்ணுக்கும் சிறகுக்கும் அத்தனை வெட்டியவள்
இந்த இடத்தில் கத்தரியை நிறுத்தியிருக்கிறாள்.
வெயில் காணாத பூக்கள் அங்கே
வெளிப்பூக்களைவிடச் சிவப்பு.

இப்போது அவை மீன்சந்தையில், செதில் தெறிக்கும் நடுவே.
தங்கேஸ்வரி குனியும்போது
நெஞ்சிலுள்ளவை நெருங்குகின்றன.
முதுகிலுள்ளது
திரும்பியபடியே நிற்கிறது.

அளவுக் கொப்பியில் எழுதி வைத்தேன்:
கை, ஒரு அங்குலம் இளக்கியது. கூலி நூறு.
இன்னும் தரவில்லை.