ரிலீஸ்

ஷெல்பின் திரும்பி வருகிறானாம்.
சொன்னவன் பஸ் டிரைவர் புகாரி,
விடிகாலை ட்ரிப்பில், ஜுபைல் சைட் கேட்டுக்கு முன்னால்.
ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி
நாற்பது பேர் ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னோம்,
நாலு மொழியில்.

போன நோன்புக்கு முந்தின நோன்பில்
நங்கூரம் அணியை விட்டுவிட்டு
ஐஸ் கம்பெனிக்காரன் அணிக்குப் போனவன்.
போன மூன்றாம் வாரமே எங்கள் வலையில் இரண்டு கோல்.
கொண்டாடவில்லை. கையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தான்.
அதுதான் எரிந்தது.
குதித்திருந்தால் வெறுத்துவிட்டுச் சோறு தின்னப் போயிருப்போம்.

தமிழில் அவன் பெயர் அடித்த ஒன்பதாம் நம்பர் பனியனை
எரித்துவிட்டதாகத்தான் ரூமில் சொல்லியிருந்தேன்.
எரிக்கவில்லை.
சாரக் கிளாம்புகளின் மரை துடைக்கிறேன் அதில்.
கிரீஸ் ஏறி ஏறி 'ஷெல்' போய்விட்டது.
'பின்' மட்டும் தெரிகிறது.

வெள்ளி ராத்திரி, கேம்புக்குப் பின்னால் மணல் மைதானம்.
தூரத்தில் ரிஃபைனரித் தீ
கைவிட்ட கொடி மாதிரி ஒருபக்கமாகவே சாய்ந்து எரிந்தது.
திட்டம் தெளிவாக இருந்தது: அவன் பந்தைத் தொட்டால் ஊளை,
நம் ஆள்தான் என்றாலும் ஊளை.
பெயிண்ட் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார் ததேயு,
இன்றைக்கு யாரும் அடிக்கக் கூடாது.

வந்தான்.
இடது முழங்காலில் பட்டை. கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான்.
ஊளையிட்டோம், குறையில்லாமல்.
அவனுக்கு இடம் விட்டுப் பெஞ்சுக்கு வந்த சிட்டகாங் பையன் ராகிப் மட்டும்
பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

பன்னிரண்டாம் நிமிடம் கோட்டோரம் வந்து
எங்களைப் பார்க்காமலே கையை நீட்டினான்.
ஊளையைத் தொடங்கிவைத்த செய்யது மீரான்
தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டான்.
மூடியைப் பாதி திருகி.
ஷெல்பினுக்கு அப்படித்தான் வேண்டும்.
கொடுத்த பிறகு தன் கையை ஒருமுறை
யாருடையதோ என்பது போலப் பார்த்தான்.

இடைவேளையில் பேச்சு வந்தது:
அப்படி என்னத்தைக் கொடுத்தான் ஐஸ் கம்பெனிக்காரன்?
இருநூறு ரியால் கூட. இல்லை, லைசென்ஸ். இல்லை, ஏசி ரூம்.
புகாரி பல் குத்திக்கொண்டே சொன்னான்:
"ரிலீஸ் வாங்கிக் கொடுத்தான்."

கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் மட்டும் பேசியது.

எனக்குப் பதினோரு வருஷமாக அதே கஃபீல்.
கம்பெனி மாறுகிறேன் என்று தாளில் எழுதி
ஆபீஸ் வாசல்வரை கொண்டுபோய்
வியர்வையில் ஒட்டிப்போனதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்,
இரண்டு முறை.
மூன்று.
கேட்டுப் போகத் தெரிந்தவன் மேல் வந்த ஆத்திரத்துக்கு
துரோகம் என்று பேர் வைத்திருந்தோம், வாய்க்கு வசதியாக.

போனவன் எதற்கு வந்தான்?
"முட்டி போச்சு," என்றார் ததேயு, டிரம்மிலிருந்து இறங்காமல்.
"முட்டி போனவனுக்கு அங்க என்ன வேல?"

கடைசி ஐந்து நிமிடம். ராகிப்பை இறக்கினார்கள்.
வலது ஓரத்தில் ஓடி
தன் சட்டையைப் பிடுங்கியவனுக்கே பந்தைத் தூக்கிக் கொடுத்தான்.
ஷெல்பின் திரும்பிய விதம் இருக்கிறதே,
பட்டைக் காலை ஊன்றி, பார்க்காமலே,
அந்தத் திருப்பம் மட்டும் அப்படியே இருந்தது.
ததேயு எழுந்துவிட்டார்.
காலியான டிரம்மில் என் கை விழுந்தது.
பந்து கம்பத்தில் விழுந்தது.
இரண்டும் ஒரே சத்தம். எது முதலில் என்று
இன்னும் சண்டை நடக்கிறது ரூமில்.

கோல் இல்லை. ஆட்டம் சமம்.
யாரும் ஊளையிடவில்லை, மறந்துவிட்டோம்.
பஸ்ஸில் ஷெல்பின் முன் சீட்டில் ஐஸ் வைத்துக் காலை நீட்டியிருந்தான்,
அவன் பக்கத்தில் ராகிப், தூங்குவது போல.
ஒன்பது இனி யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பனியனை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.
என்னவென்று கேட்டால்
கிரீஸ் துணி என்பேன்.