மூன்றாவது விடைத்தாள்

பன்னிரண்டு மணிக்கு மேல் டேட்டா பாதி விலை.
அதனால் பெய்ரா துறைமுகத்தில்
புள்ளியியல் நள்ளிரவில்தான் விடிகிறது.

மீன் கிடங்கின் கணக்கு மேசையில்
குளிர்பெட்டி இரைச்சலுக்குப் பக்கத்தில்
செல்போனை ஒரு எடைக்கல்லில் சாய்த்துவைத்து
உட்காருகிறாள் ஸுல்மிரா.
இலவசம். யாரும் வரலாம்.
நுழைவுத் தேர்வில்லை, சிபாரிசில்லை,
மதிலே இல்லாத கல்லூரி.
தட்டினால்
ஒரு வட்டம் சுழல்கிறது
சுழல்கிறது
பிறகு பேராசிரியர் வருகிறார்,
சதுரம் சதுரமாக.

வாய் முன்னே போகிறது, சொல் பின்னே வருகிறது.
அவருடைய ஆங்கிலம் இவளுடைய போர்த்துகீசியத்தில் இறங்கி
வீட்டுச் சேனா மொழிக்கு நடந்து சேர்வதற்குள்
அடுத்த படம் வந்துவிடுகிறது.
'பனி கொட்டிப் பள்ளி மூடும் நாட்களை
எடுத்துக்கொள்வோம்' என்கிறார்.
அவள் எடுத்துக்கொள்ளவில்லை.
பனியை அடித்துவிட்டுப் படகு என்று எழுதி
கரை திரும்பாதவற்றை எண்ணினாள்.
விடை சரியாகத்தான் வந்தது.

முதல் வாரம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர்.
ஆறாவது வாரக் காணொளியை
அவளுக்கு முன் பார்த்தவர்கள் தொள்ளாயிரத்து நாற்பது.
மீதிப் பேருக்கு
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும்,
ஷிஃப்ட் மாறியிருக்கும்,
சிலருக்கு வெறுமனே போரடித்திருக்கும்.
அதற்கும் உரிமை உண்டுதானே.
நான்காம் வாரம் அவளும் தூங்கிப்போனவள்தான்,
காலையில் கன்னத்தில்
கால்குலேட்டரின் எட்டும் ஒன்பதும்.

சான்றிதழ் மட்டும் நாற்பத்தொன்பது டாலர்.
படிப்பு சும்மா,
படித்ததற்குச் சாட்சி சொல்லத்தான் கூலி.
'இந்தத் தராசு பெட்டிக்கு முந்நூறு கிராம் தின்கிறது,
தற்செயல் இல்லை' என்று
வரைபடத்தை நீட்டினாள் முதலாளி கஸிமிரோவிடம்.
'எங்கே படித்தாய்? காகிதம் இருக்கா?'
மறுநாள் தராசு மாறியது.
சம்பளம் மாறவில்லை.

கடைசி வாரம்.
ஒரு லட்சம் தாளை எந்த ஆசிரியர் திருத்துவார்?
ஒருவர் தாளை இன்னொருவர் திருத்த வேண்டும்.
பெயர் மறைத்த மூன்று, இவள் பங்குக்கு.
முதலாவது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பத்து.
இரண்டாவது எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது;
ஒட்டிய அவசரத்தில்
ஒரு ஷூ விளம்பரமும் சேர்ந்து வந்திருந்தது.
மூன்றாவதில் ஒரே வரி:
கரண்ட் போய்விட்டது. விடை தெரியும்.

விதிகளைத் திரும்பப் படித்தாள்.
வரைபடம் உண்டா? இல்லை.
தரவின் மூலம்? இல்லை.
சொல்ல வந்தது தெளிவாக உள்ளதா?

அங்கே நின்றாள்.
துறைமுக விளக்குகள் ஒருமுறை மங்கி நிமிர்ந்தன.
கையிருப்பு பதினான்கு எம்.பி.

தெளிவுக்கு இரண்டுக்கு இரண்டு போட்டாள்.
குறிப்புக் கட்டத்தில்
போர்த்துகீசியத்தில் எழுதி அழித்தாள்,
ஆங்கிலத்தில் எழுதி அழித்தாள்,
பிறகு படித்த மொழியிலேயே கேட்டாள்:
இங்கே மாதச் சராசரி ஒன்பது முறை.
உங்களுக்கு?

அனுப்பு என்பதை அழுத்தினாள்.
வட்டம் சுழல்கிறது.